சைக்கிள் டைனமோவும் நியூத்திரன் வெள்ளியும்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை இரவு. தேரா நைப் பகுதியில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் காவலாளியிடம் திறப்பு வாங்கிக்கொண்டு குடும்பமாக மொட்டைமாடிக்குப் போயிருந்தோம். தண்ணீர்த் தாங்கிகளுக்கும் ஏசி இயந்திரங்களுக்கும் நடுவே பாய் விரித்து உட்கார்ந்தோம். சற்று நேரத்துக்கொரு விமானம் தலைக்கு மேலே போனது. கீழே கடைத்தெருவின் வெளிச்சம் பகல் போல் இருந்தது.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அப்பா, ஊரிலை வானம் முழுக்க வெள்ளி எண்டு அம்மம்மா சொல்லுறவ. இஞ்ச ஏன் ஒண்டையும் காணேல்லை?"

"இஞ்சையும் இருக்குது பிள்ளை. இந்த வெளிச்சந்தான் மறைக்குது."

"நான் பௌதிகம் படிச்சு வெள்ளியளைப் பற்றி ஆராயப் போறன்."

"வெள்ளி பார்த்தால் வயிறு நிரம்புமோ?" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், விசா என்று மாதம் முழுவதும் கணக்குப் போடும் தகப்பனின் வாயில் வேறு என்ன வரும்? பிள்ளை மறுபேச்சுப் பேசவில்லை. அந்த மௌனம் எனக்குச் சுட்டது. அதன்பின் அவள் வைத்திருந்த புத்தகங்களை நானும் எடுத்துப் படிக்கத் தொடங்கினேன். அப்படிப் படித்ததில் விளங்கியதை, என்னைப் போன்ற பெற்றோருக்காக எழுதுகிறேன்.

கேட்டறியும் வானம்

1990களில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு இது நன்றாக நினைவிருக்கும். மின்சாரம் இல்லை. பற்றறி கிடைக்காது. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் இருந்து வரும் மின்சாரத்தில் றேடியோ பாடும். இரவுச் செய்தி கேட்க அயலவர் எல்லாம் கூடுவார்கள். பெடல் சுற்றுபவர் களைத்தால் குரல் தேயும். இரைச்சலுக்குள் மறைந்திருக்கும் அலைவரிசையை முள்ளை மயிரளவு மயிரளவாக நகர்த்திப் பிடிக்க வேண்டும். பிடித்ததும், "உஷ், சத்தம் போடாதையுங்கோ" என்பார் வீட்டுப் பெரியவர்.

வானொலித் தொலைகாட்டி செய்வதும் ஏறக்குறைய இதுதான். விண்மீன்கள் ஒளியை மட்டும் அனுப்புவதில்லை. கண்ணுக்குத் தெரியாத வானொலி அலைகளும் விண்வெளியில் இருந்து வருகின்றன. அவை ஒலியல்ல, ஒளியின் உறவினர். ஆனால் மிகமிக மெல்லியவை. அவற்றைப் பிடிக்கப் பெரிய பெரிய அன்ரனாக்கள் வேண்டும். சுற்றிலும் அமைதியும் வேண்டும். இந்த அலைகளில் சில, மணிக்கூடு அடிப்பது போல் ஒழுங்காகத் துடித்துத் துடித்து வருகின்றன. அவற்றை அனுப்புவதுதான் நியூத்திரன் விண்மீன். அந்த விண்மீனே ஒரு டைனமோ என்பதுதான் எனக்கு வியப்பைத் தந்தது.

அரபிக் கடலில் ஒரு கணக்கு

தேராவில் இருந்து பார்த்தால் கடற்கால்வாயும் அதற்கப்பால் வளைகுடாக் கடலும் தெரியும். அது ஓமானைச் சுற்றிக்கொண்டு அரபிக் கடலில் கலக்கிறது. 1930 ஜூலை 31ஆம் திகதி பம்பாயில் இருந்து புறப்பட்ட ஒரு கப்பலில், இங்கிலாந்துக்குப் படிக்கப் போகும் 19 வயதுத் தமிழ் இளைஞர் ஒருவர் அந்த அரபிக் கடலைக் கடந்தார். லாகூரில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் அவர். வீட்டில் தாயார் நோயுற்றிருந்தார். ஆயினும் மகன் போக வேண்டும் என்பதில் அந்தத் தாய் உறுதியாக இருந்தார். அடுத்த ஆண்டே அவர் காலமானார். மகன் தாயை மீண்டும் பார்க்கவில்லை. பிரிவைச் சுமந்து கடல் கடந்த எமக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அந்தப் பயணத்தில் சந்திரசேகர் ஒரு கணக்கில் இறங்கினார். எரிபொருள் தீர்ந்த விண்மீன் தன் பாரத்தாலேயே உள்ளுக்குள் அமுங்குகிறது. ஓர் எல்லை வரைதான் அது தாங்கும் என்று அவருக்குத் தெரிந்தது. எமது சூரியனைப் போல் ஏறக்குறைய 1.4 மடங்கு திணிவுதான் அந்த எல்லை. அதற்கு மேல் போனால் என்ன நடக்கும்? 1935 ஜனவரியில் இலண்டனில் நடந்த கூட்டத்தில், அக்காலத்தின் பெரிய வானியல் அறிஞரான எடிங்டன் இக்கருத்தைச் சபையில் வைத்தே பரிகசித்தார். சந்திரசேகர் சண்டை பிடிக்கவில்லை, வேலையைத் தொடர்ந்தார். 1983இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எல்லை மீறிய விண்மீனுக்கு என்ன நடக்கும் என்ற கேள்விக்கு ஒரு விடைதான் நியூத்திரன் விண்மீன். 1932இல் சாட்விக் நியூத்திரனைக் கண்டறிந்தார். 1934இல் பாடே, சுவிக்கி என்ற இருவர், பெரிய விண்மீன் வெடித்துச் சிதறும்போது நடுப்பகுதி நொறுங்கி நியூத்திரன்களால் ஆன சிறு உருண்டையாக எஞ்சும் என்று எழுதினர். அந்த உருண்டையின் குறுக்களவு 20 முதல் 25 கிலோமீற்றர் வரைதான். தேராவில் வாகனம் ஏறிச் சார்ஜாவைத் தாண்டி அஜ்மானில் இறங்கும் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஒரு சூரியனுக்கு மேற்பட்ட திணிவு அடங்கியிருக்கிறது. அதில் ஒரு தேக்கரண்டி அள்ள முடிந்தால், அதன் நிறை நூறு கோடி தொன்னுக்கு மேல் இருக்கும்.

சீனர் 1054ஆம் ஆண்டு ஜூலையில் வானத்தில் புதிய விண்மீன் ஒன்று பகலிலும் தெரிந்ததாகக் குறித்து வைத்தனர். சோழர் கங்கைகொண்ட சோழபுரத்தில் இருந்து ஆண்ட காலம் அது. பக்தாத் நகரத்து மருத்துவர் இப்னு புத்லான் எழுதிவைத்த குறிப்பும் அதே விண்மீனைப் பற்றியதே என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகின்றனர். அன்று வெடித்த அந்த விண்மீனின் எச்சம் இன்று 'நண்டு நெபுலா' எனப்படுகிறது. அதன் நடுவே ஒரு நியூத்திரன் விண்மீன் செக்கனுக்கு 30 தடவை சுழன்றுகொண்டிருக்கிறது.

பெடலின் பாரம்

இனி டைனமோவுக்கு வருவோம். சைக்கிள் டைனமோவைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: உள்ளே ஒரு காந்தம் சுழல்கிறது, சுற்றிலும் செப்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. காந்தம் சுழன்றால் மின்சாரம் பிறக்கும். நியூத்திரன் விண்மீனும் சுழலும் காந்தமே. அதன் காந்தப்புலம் பூமியினுடையதைவிட இலட்சம் கோடி மடங்கு அளவுக்கு வலிமையானது. அது சுழலும்போது எழும் மின்விசை விண்மீனின் மேற்பரப்பில் இருந்தே துணிக்கைகளைப் பிடுங்கி எறிகிறது. காந்த முனைகளின் அருகில் இருந்து வானொலி அலை ஒரு கற்றையாகப் புறப்படுகிறது. பருத்தித்துறை வெளிச்சவீட்டின் ஒளி சுற்றிச் சுற்றி வந்து எம் முகத்தில் பட்டுப் போவது போல், அந்தக் கற்றை பூமியைத் தொடும்போதெல்லாம் எமக்கு ஒரு துடிப்புக் கிடைக்கிறது. இப்படித் துடிப்பவற்றையே பல்சர் என்கிறார்கள்.

டைனமோவைச் சில்லில் முட்ட வைத்தால் பெடல் பாரமாகும் அல்லவா? மின்சாரம் சும்மா வருவதில்லை. சுழற்சியைத் தின்றுதான் வருகிறது. பல்சரிலும் அதே நியதிதான். நண்டு நெபுலாவில் உள்ள பல்சர் ஒரு சுற்றுக்கு எடுக்கும் நேரம், ஒவ்வொரு நாளும் ஒரு செக்கனின் பத்துக்கோடியில் நான்கு பங்கு அளவுக்குக் கூடிக்கொண்டே போகிறது. அவ்வளவு சிறிய மாற்றத்தையும் அளக்க முடிகிறது என்பதே இந்தத் துறையின் பலம்.

காகிதத்தில் ஒரு கால் அங்குலம்

பல்சரை முதலில் கண்டவர் வட அயர்லாந்தில் இருந்து கேம்பிரிட்ஜுக்குப் படிக்க வந்த மாணவி ஜோசலின் பெல். வயலில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மரக் கம்பங்களை நாட்டி, கம்பி இழுத்து, அந்தத் தொலைகாட்டியைக் கட்டியவர்களில் அவரும் ஒருவர். 1967இல் அது வேலை செய்யத் தொடங்கியது. நாளொன்றுக்கு நூறு அடியளவு காகிதத்தில் பேனா கோடு கீறும். அவ்வளவையும் கண்ணால் பார்ப்பது அவருடைய வேலை. அதில் கால் அங்குல அளவில் ஒரு கிறுக்கல் விளங்காமல் இருந்தது. இரைச்சல் என்று தள்ளிவிடாமல் அவர் அதைத் தொடர்ந்து கவனித்தார். அது 1.337 செக்கனுக்கு ஒருமுறை தவறாமல் துடித்தது. வேற்றுலக மனிதர் அனுப்பும் சைகையோ என்றுகூட விளையாட்டாகப் பேசிக்கொண்டார்கள். வானத்தின் வேறு திசையில் இரண்டாவது துடிப்பையும் அவர் கண்டபின் அந்த ஐயம் தீர்ந்தது. 1968 பெப்ரவரியில் செய்தி உலகுக்கு வெளியானது.

1974இல் இதற்கான நோபல் பரிசு அவருடைய பேராசிரியர் ஹியூவிஷுக்குப் போனது. பெல்லுக்குக் கிடைக்கவில்லை. 2018இல் வேறொரு பெரிய பரிசு அவருக்கு வழங்கப்பட்டது: 30 இலட்சம் அமெரிக்க டொலர். அவர் அதில் ஒரு சதமும் எடுக்கவில்லை. பௌதிகத்தில் ஆய்வுப் பட்டம் படிக்கப் புலமைப்பரிசில் நிதி அமைக்கும்படி முழுவதையும் கொடுத்துவிட்டார். அந்த நிதி, இத்துறையில் குறைவாக இடம்பெறும் பிரிவினருக்காகப் பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் நடக்கிறது. பெண்களும் சிறுபான்மை இனத்தவரும் அதில் அடங்குவர். அகதிகளாக வந்த மாணவர்களும் அடங்குவர்.

இந்த வரியைப் படித்தபோது நான் புத்தகத்தை மடித்துவைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தேன்.

மலைச்சரிவில் ஒரு தொலைகாட்டி

எம்மவருக்கு இத்துறை புதியதல்ல. சென்னை தண்டையார்பேட்டையில் 1929இல் பிறந்த வெ. ராதாகிருஷ்ணன், சர் சி.வி. ராமனின் மகன். அவர் அவுஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைகாட்டியில் வேலா என்ற பல்சரை ஆராய்ந்தார். அது செக்கனுக்கு 11 தடவை சுழல்வது. ஒவ்வொரு துடிப்புக்குள்ளும் அலையின் அதிர்வுத் திசை ஒழுங்காகத் திரும்புவதை 1969இல் அவரும் குக் என்பவரும் எடுத்துக் காட்டினர். கற்றை காந்த முனையில் இருந்தே வருகிறது என்பதற்கு அது வலுவான சான்றாயிற்று. அதே ஆண்டு அவரும் மான்செஸ்டர் என்பவரும் இன்னொரு விந்தையைக் கண்டனர். மெல்ல மெல்ல வேகம் குறைந்துவந்த வேலா, திடீரென்று சற்றே வேகம் கூடிச் சுழலத் தொடங்கியிருந்தது. விண்மீனுக்குள்ளே உராய்வே இல்லாத ஒரு திரவம் தனியாகச் சுழன்று, அவ்வப்போது மேலோட்டைப் பிடித்து உந்துகிறது என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். துடிப்பை மட்டும் வைத்து, தொடவே முடியாத ஒரு பொருளின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று அறிந்துவிட்டார்கள்.

கருவியிலும் எம் மண்ணுக்குப் பங்குண்டு. நீலகிரியில் ஊட்டிக்கு அருகே முத்தோரை என்ற இடம். இலங்கையில் இருந்து திரும்பிய மலையகக் குடும்பங்கள் பல தேயிலையோடு வாழும் மாவட்டம் அது. அமெரிக்காவில் படித்துப் பணியாற்றி 1963இல் நாடு திரும்பிய கோவிந்த் சுவரூப் அங்கே ஒரு மலைச்சரிவைத் தேர்ந்தெடுத்தார். காரணம் எளிமையானது. அந்த இடம் பூமத்திய ரேகையில் இருந்து ஏறக்குறைய 11 பாகை வடக்கே இருக்கிறது. சரிவும் 11 பாகைதான். சரிவின் வழியே வடக்குத் தெற்காக 530 மீற்றர் நீளத்துக்குத் தொலைகாட்டியைக் கிடத்தினால் அதன் அச்சு பூமியின் அச்சுக்குச் சமாந்தரமாகிவிடும். பிறகு ஒரே திசையில் மெல்லத் திருப்பினாலே போதும். வானத்துப் பொருள் ஒன்றை மணிக்கணக்காகத் தொடரலாம். 30 மீற்றர் அகலமுள்ள அதன் முகம், 24 சட்டங்களில் இழுத்துக் கட்டிய துருப்பிடிக்காத உருக்குக் கம்பிகளால் ஆனது. 1970இல் அது இயங்கத் தொடங்கியது. பணத்தால் செய்ய வேண்டியதை மலையின் சரிவைக்கொண்டு செய்துவிட்டார்கள். டைனமோவில் றேடியோ கேட்ட எமக்கு இந்தப் புத்தி புதிதல்ல.

பின்னர் அதே சுவரூப் குழுவினர் 1990களில் புனே நகருக்கு வடக்கே 45 மீற்றர் குறுக்களவுள்ள 30 கிண்ணங்களை நிறுவினர். அவையும் கம்பி வலையால் செய்தவையே. 25 கிலோமீற்றர் பரப்பில் சிதறி நிற்கும் அவை ஒன்றாகச் சேர்ந்து ஒரே பெரிய தொலைகாட்டியாகச் செயற்படுகின்றன.

வருகிற தொலைகாட்டிகள்

இப்போது அடுத்த தலைமுறை வந்துகொண்டிருக்கிறது. எஸ்.கே.ஏ. என்ற பெயரில் பல நாடுகள் கூடி, இரு கண்டங்களில் இரு தொலைகாட்டிகளைக் கட்டுகின்றன. 2022 டிசம்பரில் வேலை தொடங்கியது. தென்னாபிரிக்காவின் கரூ பாலைநிலத்தில் 197 கிண்ணங்கள் அமையும். 2018இல் திறக்கப்பட்ட மீர்கற் தொலைகாட்டியின் 64 கிண்ணங்களும் அதில் அடக்கம். மேற்கு அவுஸ்திரேலியாவில், வஜாரி பழங்குடி மக்களின் நிலத்தில், ஆளுயரத்தைவிடச் சற்றுக் கூடிய 131,072 அன்ரனாக்கள் நிற்கும். அவை அசைவதே இல்லை. எந்தத் திசையைக் கேட்க வேண்டும் என்பதைக் கணினியே கணக்கிட்டுக் கொள்ளும். அவற்றில் ஆயிரத்துச் சொச்சத்தை மட்டும் வைத்து எடுத்த முதற் படம் 2025 மார்ச்சில் வெளிவந்தது. இத்திட்டத்தில் இணைய 1,250 கோடி ரூபாய்க்கு இந்திய அரசு ஒப்புதல் கொடுத்துள்ளது. தொலைகாட்டிகளை இயக்கும் மென்பொருளில் புனே நிறுவனத்துக்கு முக்கிய பங்குண்டு.

ஏன் அவ்வளவு தூரத்துக்குப் போனார்கள்? தேராவில் கண்ணுக்கு வெளிச்சம் எப்படியோ, வானொலித் தொலைகாட்டிக்குக் கைத்தொலைபேசியும் விமான ராடாரும் அப்படி. விண்வெளியின் மெல்லிய குரலை இவை மூழ்கடித்துவிடும். ஆகவே அந்த இடங்களை அமைதி வலயமாகச் சட்டத்தால் பாதுகாக்கிறார்கள். "உஷ், சத்தம் போடாதையுங்கோ" என்ற அதே சொல்தான்.

இதுவரை அறியப்பட்ட பல்சர்கள் மூவாயிரத்துக்கு மேல். சீனாவின் 500 மீற்றர் தொலைகாட்டி தனியாகவே ஆயிரத்துக்கு மேல் கண்டுவிட்டது. எஸ்.கே.ஏ. இன்னும் பல்லாயிரம் காணும் என்று எதிர்பார்க்கிறார்கள். எண்ணிக்கைக்காக மட்டும் இந்தப் பாடு அல்ல. பல்சர் என்பது வானத்துக் கடிகாரம். அதிலும் செக்கனுக்கு நூற்றுக்கணக்கான தடவை சுழல்பவை மிகத் திருத்தமானவை. முதுமையடைந்து ஓய்ந்த பல்சர் ஒன்று, அருகில் உள்ள துணை விண்மீனிடம் இருந்து பொருளை வாங்கி மீண்டும் வேகம் பெற்றதால் இவை உண்டாகின்றன. செக்கனுக்கு 642 தடவை சுழலும் முதலாவது 1982இல் கண்டறியப்பட்ட அதே ஆண்டிலேயே, ராதாகிருஷ்ணனும் கோ. ஸ்ரீனிவாசனும் இந்த விளக்கத்தைக் கொடுத்தவர்களில் இருந்தனர்.

இப்படிப்பட்ட 25 கடிகாரங்களை ஆண்டுக்கணக்காகக் கவனித்த ஐரோப்பியரும் இந்தியரும் ஜப்பானியரும் 2023 ஜூனில் ஒரு செய்தி வெளியிட்டனர். சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தவரும் அக்குழுவில் இருந்தனர். அமெரிக்கா, அவுஸ்திரேலியா, சீனா ஆகிய நாடுகளின் குழுக்களும் அதே வேளையில் தத்தம் முடிவுகளை வெளியிட்டன. கடிகாரங்கள் எல்லாம் ஒன்றோடொன்று தொடர்புபட்ட விதத்தில் மிகச் சிறிதளவு முந்தியும் பிந்தியும் காட்டுகின்றன. எங்கோ தொலைவில் இராட்சதக் கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றுவதால் வெளியே அதிர்கிறது; அந்த அதிர்வே இதற்குக் காரணமாகலாம் என்பதற்கான சான்று அது. இதை ஐயமற உறுதிசெய்ய இன்னும் கூரிய செவி வேண்டும். அந்தச் செவியாக எஸ்.கே.ஏ. அமையும்.

பெற்றோரே, சற்று யோசியுங்கள்

இந்தத் தொலைகாட்டிகள் முழு வலிமையோடு இயங்கும்போது, இன்று ஒன்பதாம் பத்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் இருப்பார்கள். கணிதம், பௌதிகம், கணினி நிரல் எழுதும் பழக்கம் ஆகிய மூன்றும்தான் அடிப்படை. இவை வங்கியிலும் மருத்துவமனையிலும் பொறியியலிலும் பயன்படுபவையே. பிள்ளை பின்னர் மனம் மாறினாலும் படித்தது வீண்போகாது. வைத்தியரும் பொறியியலாளரும் கணக்காளரும் எமக்கு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் பிள்ளையின் கேள்வியை முதல் நாளே இரைச்சல் என்று தள்ளிவிடக் கூடாது. கால் அங்குலக் கிறுக்கலை ஒரு மாணவி தள்ளிவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

செலவில்லாத வழிகளும் உண்டு. பழைய சைக்கிள் டைனமோ ஒன்று கிடைத்தால் சிறு மின்குமிழைப் பூட்டிப் பிள்ளையைக் கையால் சுற்றவிடுங்கள். குமிழைக் கழற்றிவிட்டும் சுற்றச் சொல்லுங்கள். பாரத்தின் வித்தியாசத்தைக் கை உணரும். பல்சர் ஏன் மெதுவாகிறது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை. துபாயில் இருப்போர் முஷ்ரிப் பூங்காவில் உள்ள அல் துரையா வானியல் மையத்துக்கு ஒருமுறை போய்வரலாம். துரையா என்பது எங்கள் கார்த்திகை விண்மீன் கூட்டத்துக்கு அரபு மக்கள் இட்ட பெயர். அம்மம்மா கார்த்திகை என்று காட்டியதைத்தான் பக்கத்து வீட்டு அரபுக் கிழவியும் பேரப்பிள்ளைக்குக் காட்டியிருப்பார்.

சென்ற கிழமை மீண்டும் காவலாளியிடம் திறப்பு வாங்கினேன். மகளும் நானும் மட்டும் மேலே போனோம். கண்ணுக்கு நாலைந்து வெள்ளிதான் தெரிந்தது.

"அண்டைக்கு நான் சொன்னதை மறந்திடு பிள்ளை. இந்த டைனமோக் கதையை எனக்கு இன்னொருக்கால் விளங்கப்படுத்து. எனக்கு ஓரிடம் பிடிபடேல்லை" என்றேன்.

அவள் சொல்லத் தொடங்கினாள். நான் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

– தேராவில் இருந்து ஒரு தகப்பன்